சிவப்பு மைக்குக் கீழே

தம்பி,

வழக்கமாக நான் உனக்கு எழுதுவது ஒரு இன்லண்ட் தாளுக்குள் அடங்கிவிடும். உடம்பு, மழை, கிணற்றில் தண்ணீர், பெரியம்மாவின் முழங்கால், கடைசியில் அம்மாவின் ஆசீர். நீயும் அதே அளவில் பம்பாயிலிருந்து பதில் போடுவாய். இருவர் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆசிரியையிடம் கடிதம் எழுதப் பழகியவர்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இன்று முழுத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலைப் பூசைக்குப் போய் வந்தாயிற்று. குறுக்கே யாரும் வராதபடி வாசல் கேட்டையும் பூட்டியாயிற்று. பேனாவைக் கழுவி நீல மை நிரப்பியிருக்கிறேன். எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். சொல்லி முடிக்கும்வரை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு உன் இஷ்டம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்தாள். சேலையூர்ப் பெண். "டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கா, கோயில்ல ஆர்கன் வாசிக்கறா. இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்றாள். "எனக்கு என்னக்கா வேணும், கட்டிக்கப் போறது நானா?" என்றேன். "அவனுக்கு இருபத்தாறு ஆவுது. கேட்டா லீவு இல்லங்கறான். கல்யாணத்துக்குக்கூடவா லீவு குடுக்க மாட்டான் அந்த ஆபீஸ்காரன்? 'மதர் சீரியஸ்'னு ஒரு தந்தி அடி, ஓடி வருவான்." "நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப் பொய்?" "பொய் என்ன பொய்? நீ பொறந்ததுலேருந்து சீரியஸாத்தான் இருக்கே." சிரித்துக்கொண்டே போட்டோவைத் திருப்பிக் கொடுத்து, வேண்டாம் என்றேன். அவனைக் கேட்காமலேயா என்றாள். அவனுக்கு இது சரிவராது, எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்டபோது காபி போட எழுந்து போய்விட்டேன். எப்படித் தெரியும் என்பதை அவளுக்கு முன்னால் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

எதையும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்குத் திருப்தி வராது, பொறுத்துக்கொள். நீ பி.யூ.சி. படித்த வருடம், சிட்லபாக்கத்தில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த சம்பந்தம் 'ஏரிக்கரை' என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாதத்துக்கு ஒரு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் தன்னுடைய முத்துமுத்தான கையெழுத்தில் நகலெடுத்து, படம் ஒட்டி, நூல் கோத்துத் தைப்பார். அது துணிப்பையில் வீடு வீடாகப் போகும், வீட்டுக்கு இரண்டு நாள். கடைசிப் பத்துப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும், படித்தவர்கள் கருத்து எழுதுவதற்காக. பெயர் போட வேண்டியதில்லை. எழுதியதை அடிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. ஆசிரியை என்பதால் எனக்கு ஒரு மரியாதை செய்திருந்தார்: ஒவ்வொரு இதழும் முதலில் நம் வீட்டுக்கு வரும், நான் சிவப்பு மையால் பிழை திருத்திய பிறகே அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த மரியாதையை நான் எவ்வளவு ரசித்தேன் என்பது ஆண்டவருக்குத் தெரியும். முதல் வீடாக இருப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு. நமக்குப் பிறகு படித்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாது, இதழ் திரும்பி வராது. அப்போது அதை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. நான் எழுதிய பிறகு இன்னொருவர் எழுத என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன்.

அதில் 'பயணி' என்ற பெயரில் ஒரு தொடர்கதை வந்தது. 'சானடோரியம் வரை' என்று தலைப்பு. மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய் வரும் இரண்டு பையன்கள். ஒருவன் சானடோரியத்தில் இறங்க வேண்டியவன். மற்றவன் அடுத்த ஸ்டேஷனான தாம்பரத்தில் இறங்கி, ஸ்டாண்டில் விட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கத்துக்கு மிதிக்க வேண்டியவன். சானடோரியத்தில் இறங்க வேண்டியவன் தினமும் இறங்காமல் இருந்துவிடுகிறான். தாம்பரம் வரை போய், தண்டவாளத்தை ஒட்டித் திரும்பி நடக்கிறான். முதல் இரண்டு அத்தியாயத்தில் இதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இருந்தும் நான் கீழே வைக்கவில்லை. மூன்றாவதில் அந்தப் பையனுடைய அம்மா வந்தாள். இஸ்திரி போட்ட கைக்குட்டையை நாலாக மடித்து அவன் சட்டைப்பையில் வைப்பவள். அவன் வீட்டுக்குள் நுழையும்போது 'வந்தியா' என்று கேட்காமல் கடிகாரத்தைப் பார்ப்பவள். அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். நம் வீட்டுச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் முழுக்க நீ அரைமணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருந்தாய். "ட்ரெயின் லேட்டும்மா" என்பாய். செருப்பெல்லாம் ஜல்லித் தூசியாக இருக்கும்.

ஆகவே எனக்குத் தெரியும், தம்பி. அன்றைக்கே தெரியும். தெரியாதவள்போல இத்தனை வருடம் இருந்தேனே, அதுதான் நான் செய்ததில் பெரிய தவறு.

மாடம்பாக்கத்துப் பையனையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை பகலில் ஏழுமலை நம் கேட்டருகே சைக்கிளை நிறுத்தி மணியடித்தான். ஹேண்டில் பாரில் ஒரு பை பச்சை வேர்க்கடலை. "டீச்சரம்மா, அவன் கீறானா?" என்றான். "கீறானாவா? என்ன தமிழ் இது?" என்றேன். அவனுக்குக் கொஞ்சமும் பயமில்லை. "மாடம்பாக்கத்துத் தமிழுதான் டீச்சரம்மா. சைக்கிள்ல வந்துகினே இருந்தனா, கொஞ்சம் கசங்கிப்பூட்ச்சி." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "அவன் படிச்சிட்டிருக்கான். பரீட்சை வருது." "எனக்கும் அதே பரீட்சைதான்." "அப்ப நீயும் போய்ப் படி." அவன் பையைக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நீ ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். ஏழு ஏக்கர் நெல்லும் கடலையும் பயிரிடும் வீட்டுப் பிள்ளையை வாசலோடு அனுப்பினேன், ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் நிற்பவனை உள்ளே கூப்பிடுவது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுத்துத்தான் இருப்பார்கள். நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

நாலாவது அத்தியாயத்தில் கேட்டில் தொங்கிய அந்தக் கடலைப் பையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மழை. தாம்பரத்தில் இறங்கி, ஒரே ரெயின்கோட்டை இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கடியில் நிற்கிறார்கள். ரெயின்கோட்டுக்குள் ஒருவன் கையை மற்றவன் பிடித்திருக்கிறான். "மழை நின்னுடுச்சு" என்கிறான் ஒருவன். "இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்" என்கிறான் மற்றவன். நின்றுபோன மழையில் இருவரும் நிற்கிறார்கள். பிறகு ஒரு வரி: 'உன்னைத் தவிர எனக்கு யாரும் வேண்டாம் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.'

அந்த இதழை ஐந்து நாள் வைத்திருந்தேன். இரண்டு நாளைத் தாண்டி நான் வைத்திருந்தது அது ஒன்றுதான். சம்பந்தம் கேட்டுக்கு வெளியே நின்று, "டீச்சர், ஸ்டேஷன் மாஸ்டர் வூட்ல கேக்கறாங்க, முடிஞ்சுதா?" என்றார். "இன்னும் ரெண்டு தப்பு இருக்கு, பாத்துட்டுத் தரேன்" என்றேன். அது பொய். நாலாவது அத்தியாயத்தில் ஒரு பிழைகூட இல்லை. அதை நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். அப்பா போய் ஐந்து வருடமாகியிருந்தது. ஒற்றை ஆளாக ஒரு பிள்ளையை வளர்க்கிறாளே, எங்கே சறுக்குவாள் என்று ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வேறு வேலை இருந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

ஆறாம் நாள் காலையில் நீ சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாய். உன்னிடம் கேட்டிருக்கலாம். ஒரு முழத் தூரம்தான். நான் சிவப்பு மைப் பேனாவைத் திறந்து, வெற்றுப் பக்கத்தில் முதல் ஆளாக எழுதினேன்: 'இதை எழுதியவர் தம் தாயிடம் இதைக் காட்டுவாரா? தாயிடம் காட்டக் கூசுவதை ஊருக்குக் காட்டலாமா? கதையை இத்துடன் நிறுத்துவது நலம்.' உனக்குச் சொல்ல வேண்டியதை முகம் தெரியாத எவனுக்கோ சொல்வதுபோல எழுதிவிட்டு, மை காயும்வரை ஊதினேன். பையில் போட்டு, "இத ஸ்டேஷன் மாஸ்டர் வீட்ல குடுத்துட்டுப் போ" என்றேன். "எழுதிட்டீங்களாம்மா?" என்றாய். அந்தக் குரலில் ஆசை இருந்தது. எனக்கு அது கேட்கத்தான் செய்தது. "எழுதிட்டேன்" என்றேன். தெருக்கோடி விளக்குக் கம்பத்தடியில் நீ சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து எடுத்துப் பிரித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றாய். அன்று மாலை சரியான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் ட்ரெயின் லேட்டாகவில்லை. அடுத்த இதழில் கதை வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நீ பி.எஸ்ஸி. முடித்த கையோடு பம்பாய் வேலையை எடுத்துக்கொண்டாய். இங்கேயே வந்த வேலையை விட்டுவிட்டுப் போனாய். ஏன் என்று கேட்டவர்களிடம், பையனுக்கு முன்னேற வேண்டும் என்று ஆசை என்றேன். இந்த ஐந்து வருடத்தில் மூன்று முறை வந்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் திரும்புவதற்கான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தாய்.

இந்தப் புதன்கிழமை சம்பந்தம் வந்தார். மாற்றலாகி வெளியூர் போகிறார், வீட்டைக் காலி செய்கிறார். பத்திரிகை எப்போதோ நின்றுபோய்விட்டது. "நீங்க திருத்தின இதழெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்" என்று ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். காபியை ஆற்றிக்கொண்டே, "தம்பி எப்படிக் கீது? ஏழுமலை வூட்ல சொன்னாங்க, ரெண்டு பேரும் பம்பாய்ல, மாதுங்காவுல ஒண்ணாதான் ரூம் எடுத்துக்கினு கீறாங்களாமே" என்றார். "ஆமா" என்றேன், ரொம்ப நாளாகத் தெரிந்ததுபோல. உன் கடிதங்களில் 'அறை நண்பர்' என்று வரும். 'அறை நண்பருக்குக் காய்ச்சல்', 'அறை நண்பர் சமைத்தார்'. ஐந்து வருடத்தில் அந்த அறை நண்பருடைய பெயரை நான் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்திருக்கிறேன்.

சம்பந்தம் பையிலிருந்து ஒரு காக்கிக் கவரையும் எடுத்தார். "இது அந்தக் கதையோட அஞ்சாவது அத்தியாயம். தம்பி குடுத்துட்டுப் போன மறுவாரமே ஓடி வந்து, 'போடாதீங்கண்ணா, கிழிச்சிப் போட்டுடுங்க'ன்னுது. எழுதினத கிழிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான், எப்படி டீச்சர் கிழிக்கறது?" கவரின் வாய் திறந்திருந்தது. உள்ளே இருந்த தாள்களின் பின்பக்கம் தெரிந்தது. என்னுடைய எட்டாம் வகுப்புப் பூகோளக் கேள்வித்தாள்கள், சைக்ளோஸ்டைல் செய்தவை. மீந்துபோனதை நான் உனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுப்பேனே, அவை. 'தக்காணப் பீடபூமியின் மண் வகைகளை விவரி' என்பதற்கு மறுபக்கத்தில் உன் கையெழுத்து. கவரை மூடிவிட்டேன். "இதையும் பாருங்க" என்று நாலாம் அத்தியாயம் வந்த இதழைப் பிரித்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினார். "நீங்க பாத்திருக்க மாட்டீங்க. உங்களுக்கு அப்புறம் பதினோரு வூடு போச்சு."

அவர் போன பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். நீயும் இவற்றைப் பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். கதையைக் கிழிக்கச் சொன்ன பிறகு நீ சம்பந்தம் வீட்டுப் பக்கமே போகவில்லையாம். அதனால் உனக்குச் சேர வேண்டியதை நான் எழுதுகிறேன். என் சிவப்பு மைக்கு நேர் கீழே ஸ்டேஷன் மாஸ்டர்: 'மாலை வண்டி பல்லாவரத்தில் இவ்வளவு நேரம் நிற்பதில்லை, ஆசிரியர் விசாரித்து எழுதவும். மற்றபடி பையன்கள் இருவரும் நல்ல பையன்கள். டிக்கெட் இல்லாமல் போகவில்லை.' அடுத்து யாரோ ஒரு அம்மாள், சமையலறையிலிருந்து வந்து எழுதியிருக்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய்க் கறை: 'இரண்டு பேரில் ஒருவனைப் பெண்ணாக்கிவிட்டால் கதை இன்னும் ஜோராக இருக்கும்.' அதற்குக் கீழே வேறொரு கை: 'ஆக்கினால் அது வேறு கதை, இந்தக் கதை யார் எழுதுவது?' இந்த ஆளுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன். ஒருவர் 'சீச்சீ' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்னொருவர், 'சீச்சீ என்றவர் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார், கவனிக்கவும்' என்று பதில் போட்டிருக்கிறார். ஒரு கல்லூரி மாணவன், 'எங்கள் ஹாஸ்டலில் இதைச் சொல்லி ஒரு பையனை ஓட ஓட விரட்டினோம். இனி எனக்கு அவனிடம் போய் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறான். பிறகு எறும்பு ஊர்ந்ததுபோலப் பொடி எழுத்தில் ஒரு பெண்: 'ரெயின்கோட் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கும் ஒரு சிநேகிதி இருந்தாள். அவளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். சிவப்பு மையில் எழுதியவர் தயவுசெய்து கதையை நிறுத்தச் சொல்ல வேண்டாம்.'

என்னைக் கேட்டிருக்கிறாள், தம்பி. நம் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருந்த ஒருத்தி, தினமும் பூசையில் நான் பார்த்தவளாகக்கூட இருக்கலாம், எட்டு வருடத்துக்கு முன்னால் என்னைத் தயவுசெய்து என்று கேட்டிருக்கிறாள். நான் முதல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் கடைசியில், பக்கத்தின் அடியில், பென்சிலில் கோணல் எழுத்து: 'அவன் தினம் தாம்பரம் வரைக்கும் வந்தது சும்மா இல்ல. நிறுத்தாத.' பென்சிலில் எழுதியது எந்த வீடும் இல்லை என்று சம்பந்தம் சொல்லியிருந்தார். கதை நின்றுபோனதைக் கேட்டு மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து, அவர் வாசற்படியில் உட்கார்ந்து இதழை முழுக்கப் படித்துவிட்டு, பென்சிலைக் கடன் கேட்டு எழுதினானாம். என் வரியை அவனும் படித்திருக்கிறான். அதற்கு ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அவனிடமிருந்து நான் கற்க வேண்டிய நாகரிகம் இருந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் என் கேள்வியே எனக்குச் சரியாகப் புரிந்தது. 'தாயிடம் இதைக் காட்டுவாரா?' நீ காட்டத்தானே செய்தாய்! ஒவ்வொரு இதழும் முதலில் நம் வீட்டுக்கு வரும் என்று உனக்குத் தெரியும். கையெழுத்து சம்பந்தத்தினுடையது, பெயர் 'பயணி', ஆனால் அந்தக் கைக்குட்டையையும் கடிகாரத்தையும் நான் அடையாளம் காண்பேன் என்று தெரிந்தேதான் வைத்தாய். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை என்ற வரியை முதலில் படிக்கப்போவது யார் என்பதும் உனக்குத் தெரியும். நாலு மாதமாக, மாதம் ஒரு அத்தியாயமாக, என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால்தான் அன்று காலை 'எழுதிட்டீங்களாம்மா' என்று கேட்டாய்.

எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் படித்த ஞானோபதேசத்தில் இதற்குப் பாடம் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியாரிடம் உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, என்னைப் பற்றிச் சொல்லத்தான் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அம்மா என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். பெரியம்மாவுக்கும் போட்டோ கொண்டுவரும் மற்றவர்களுக்கும் பதில் சொல்வது இனி என் வேலை. நீ லீவு இல்லை என்று பொய் எழுத வேண்டாம். இன்னொன்று, வெளியே ஜாக்கிரதையாக இருங்கள். எல்லாத் தெருவிலும் இந்தப் பதினோரு வீடு இருக்காது, ஹாஸ்டலில் விரட்டியவர்களும் இருப்பார்கள். ஆனால் என்னிடம் ஜாக்கிரதையாக இருக்காதே. எட்டு வருடம் இருந்தது போதும்.

சம்பந்தத்தின் சட்டப்படி சிவப்பு வரியை நான் அடிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், நான் எழுதியதுதானே. பென்சில் வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நீல மையால் எழுதியிருக்கிறேன்: 'தாயிடம் காட்டினார். தாய்க்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு பிழையும் இல்லை. அடுத்ததற்குக் காத்திருக்கிறேன். முதல் வீடு.'

காக்கிக் கவரை நான் படிக்கவில்லை. பிள்ளையின் பெட்டி, நோட்டு, கடிதம் என்று ஒன்று விடாமல் பிரித்துப் பார்த்தவள் இதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்றால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீ வந்து படித்துக் காட்டினால் கேட்கிறேன். படித்துக் காட்ட வேண்டாம் என்று நீ எடுத்துக்கொண்டு போனாலும் சரிதான். கிறிஸ்துமஸுக்கு வா. ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு வா. மாடம்பாக்கத்தில் அவன் வீட்டாரைப் பார்த்துவிட்டு அவன் இங்கே வந்து தங்கட்டும். முன்னறையை ஒழித்து வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன், அதன் சாவி உங்களிடமே இருக்கும். கேட்டில் மாட்டிவிட்டுப் போன கடலையை அன்று மத்தியானமே உப்புப் போட்டு வேகவைத்து, முழுப்பையும் நானே தின்றேன், உனக்குக்கூடக் கொடுக்கவில்லை என்று அவனிடம் சொல். நல்ல கடலை.

எக்மோரில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்தில் இறங்காதீர்கள். தாம்பரம் வரை வாருங்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். எந்த வண்டி என்று எழுத வேண்டாம். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

உன்
அம்மா